புதுக் கட்டு வந்து இறங்கினால்

கிளை நூலகத்துக்குப் புது நூல்கள் தேதி குறித்து வருவதில்லை. மாவட்ட மைய நூலகத்திலிருந்து ஒரு தொலைபேசி வரும்: "உங்க கிளைக்கு நாலு கட்டு ஒதுக்கியிருக்கு. வந்து எடுத்துக்கிறீங்களா, வண்டி வர்றப்ப போட்டு அனுப்பட்டுமா?" வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் பெரும்பாலும் நாமே போய் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

அப்படி வந்து இறங்கிய கட்டிலிருந்து ஒரு நூலை முதல் வாசகர் வீட்டுக்கு எடுத்துப் போகும்வரை எத்தனை நாள் ஆகிறது? அந்த நாள்களைக் குறைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. பதிவேட்டு வேலையைச் சுருக்கினால் நாள் குறையும் என்று புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. பதிவு சுத்தமாக இருக்கும் நூலகர் பயமில்லாமல் இரவல் கொடுக்கிறார். பதிவு குழம்பிக் கிடக்கும் இடத்தில்தான் புது நூல்கள் பீரோவுக்குள் போய்ச் சாவி போட்டுக்கொள்கின்றன.

நூல்கள் நாலைந்து வழிகளில் வரும். மாநில அளவில் தேர்வாகி மாவட்ட நூலக ஆணைக்குழு வழியாகப் பிரித்துக் கொடுக்கப்படுபவை பெரும்பகுதி. கொல்கத்தாவில் 1972இல் தொடங்கப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவியில் வருபவை இன்னொரு வகை. புரவலர்கள் வாங்கித் தருவதும், ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவருவதும் உண்டு. எந்த வழியில் வந்தது என்பதைக் கட்டின் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். கட்டைப் பிரித்துக் கலந்த பிறகு அந்த விவரம் உங்களுக்கு நினைவிருக்காது, தணிக்கைக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வியோ அதுவாகத்தான் இருக்கும்.

கையெழுத்துப் போடுமுன்

வண்டி ஓட்டி வந்தவர் அவசரப்படுவார். இன்னும் ஏழு கிளைக்குப் போக வேண்டும், சார், ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க என்பார். அவர் சொல்வது நியாயம்தான். அதற்காக எண்ணாத நூலை எண்ணிப் பெற்றதாக எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. "கட்டுகள் 4 பெறப்பட்டன. நூல்கள் சரிபார்க்கப்படவில்லை" என்று இரண்டு படியிலும் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போடுங்கள். அன்றோ மறுநாளோ ஒதுக்கீட்டுப் பட்டியலை வைத்து ஒப்பிட்டு, குறைவதையும் கூடுவதையும் கடிதமாக மைய நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். கூடுதலாக வந்ததை ஏன் சொல்ல வேண்டும் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு இரண்டு படி வந்த நூல், பக்கத்துக் கிளையில் வராமல் போன நூலாக இருக்கும்.

கட்டைத் தரையில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தரையோடு தரையாக ஈரம் ஏறும், சுவரோரமாக வைத்தால் கறையான் ஏறும். ஒரு பெஞ்சு போதும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் நல்லது. வாடகைக் கட்டடத்தில் நடக்கும் நூலகங்களில் இது கட்டாயம்.

நன்கொடையாக வந்த பழைய நூல்களை மட்டும் புதுக் கட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. வாசலிலேயே வெயில் படும் இடத்தில் ஒவ்வொன்றையும் தட்டி, விரித்து, முதுகுப் பக்க இடுக்கைப் பாருங்கள். இராமபாணப் பூச்சி, புத்தகப் புழு துளைத்த ஓட்டை, துளையிலிருந்து உதிரும் மாவு, இவற்றில் எது தெரிந்தாலும் அந்தப் புத்தகத்தைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் அந்துருண்டையோடு கட்டி இரண்டு வாரம் ஒதுக்கி வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும்.

ஃபாரம் பார்த்தல்

இந்த வேலையைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். இதில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன்.

அச்சகத்தில் புத்தகம் பக்கம் பக்கமாக அடிக்கப்படுவதில்லை, ஃபாரம் ஃபாரமாக அடித்து, மடித்து, வரிசையாகச் சேர்க்கிறார்கள். நம் ஊர்ப் புத்தகங்களில் ஒரு ஃபாரம் பெரும்பாலும் 16 பக்கம். சேர்ப்பவரின் கை தவறினால் ஒரு பக்கம் போகாது, 16 பக்கம் மொத்தமாகப் போகும். அல்லது அதே 16 பக்கம் இரண்டு முறை வரும், இல்லையென்றால் தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கும். ஆகவே எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை. 1, 17, 33, 49, 65 என்று பதினாறு பதினாறாகத் தாவிப் பாருங்கள். முன்பக்கங்களுக்கு எண் போடாத நூலில் கணக்கு சற்று நகர்ந்திருக்கும், அந்த நகர்வு கடைசிவரை ஒரே மாதிரி இருந்தால் சரி. கை பழகிவிட்டால் ஒரு நூலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வரைபடம், வண்ணத் தாள் உள்ள நூல்களில் அவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

பழுதான நூலை முத்திரை குத்துவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். முத்திரை விழுந்த புத்தகத்தைப் பதிப்பகத்தார் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள், மைய நூலகமும் மாற்றித் தரத் தயங்கும். துப்பறியும் நாவலில் கடைசி ஃபாரம் இல்லாமல் இரவல் கொடுத்துவிட்டு, படித்த பெரியவர் மறுநாள் காலையில் வந்து நிற்கும்போது அவருக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்காது.

பல பாகமாக வரும் நூல்களை இந்தக் கட்டத்திலேயே சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆனதால் 'பொன்னியின் செல்வ'னைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. ஐந்து பாகமும் ஒரே பதிப்பகத்துடையதா, ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாம் பாகம் மட்டும் வராத தொகுப்பை அடுக்கில் வைத்தால் முதல் இரண்டு பாகமும் தேய்ந்து போகும், கடைசி இரண்டும் புதிதாகவே இருக்கும். வராத பாகத்துக்கு உடனே எழுதிக் கேளுங்கள். அடுத்த ஒதுக்கீடுவரை காத்திருந்தால் அந்தப் பதிப்பு கிடைக்காமலே போகலாம்.

ஃபாரம் பார்த்து முடித்த கையோடு நூலைத் திறந்து பழக்குங்கள். முதுகை மேசையில் வைத்து நிறுத்தி, முன் அட்டையையும் பின் அட்டையையும் மேசையில் படுக்க வையுங்கள். பிறகு முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என்று மாற்றி மாற்றி எடுத்து, நடுப்பகுதிவரை மெதுவாக அழுத்திவிடுங்கள். இப்போது வரும் நூல்களில் பெரும்பாலானவை தையல் இல்லாமல் பசையில் நிற்பவை. புதுப் புத்தகத்தை ஒரே இழுப்பில் நடுவில் பிளந்தால் அந்த இடத்தில் பசை விட்டு, அதன் பிறகு தாள்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வரும். குண்டான நாவல்களுக்கு இதைச் செய்யாமல் வெளியே விடாதீர்கள்.

முத்திரை, சீட்டு, பசை

முத்திரை தலைப்புப் பக்கத்தின் பின்புறம், ரகசியப் பக்கம், கடைசிப் பக்கம் ஆகிய மூன்று இடங்களில் விழ வேண்டும். ரகசியப் பக்கம் என்பது எல்லா நூலுக்கும் ஒரே எண்ணாக நூலகம் வைத்துக்கொள்வது. முன்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கிழித்துவிட்டுப் பழைய புத்தகக் கடைக்குப் போன நூலைக்கூட அதை வைத்து அடையாளம் காணலாம். உங்கள் கிளையில் ஏற்கெனவே ஓர் எண் இருந்தால் அதையே தொடருங்கள். குழந்தைப் புத்தகங்கள் பல 16, 24 பக்கத்தோடு முடிந்துவிடும் என்பதால் அவற்றுக்கு மட்டும் வேறோர் எண் வைத்து, பதிவேட்டின் முதல் தாளில் குறித்து வையுங்கள். எழுத்தின் மேலும் படத்தின் மேலும் குத்தாதீர்கள். வழவழப்பான தாளில் மை உடனே காயாது, நடுவில் ஒரு துண்டுத்தாள் வைத்து மூடுங்கள்.

தேதிச்சீட்டைக் கடைசி வெற்றுத்தாளில் மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள், நிரம்பியதும் மாற்ற வசதி. ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். செல்லோ டேப்பும் வேண்டாம். ஒட்டிய அன்று அழகாக இருக்கும், சில வருடத்தில் பசை மஞ்சளாகி டேப் உரிந்து கறை மட்டும் நிற்கும். மைதாப் பசை காய்ச்சினால் சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பைண்டர்களின் பழைய வழக்கம், பூச்சி அண்டாது. மயில்துத்தம் விஷம் என்பதால் பாத்திரத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புது நூலுக்கு வந்தவுடனேயே காலிகோ அட்டை போட்டுக் கட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அடுக்கு முழுவதும் ஒரே பழுப்பாக, வரிசையாக, சிறைச்சாலைச் சீருடை மாதிரி நிற்கும். அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் முக்கால்வாசி வாசகர்கள் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். நிறமற்ற பாலிதீன் உறை போட்டால் போதும். முதுகு விட்டுப்போன பிறகு பைண்டரிடம் கொடுக்கலாம்.

சேர்க்கைப் பதிவேடு

ஒரு படிக்கு ஓர் எண், இதில் விலக்கே இல்லை. ஒரே தலைப்பில் மூன்று படி வந்தால் மூன்று எண், ஐந்து பாகம் வந்தால் ஐந்து எண். தொலைந்துபோன நூலின் எண்ணைப் புது நூலுக்குக் கொடுக்கவே கூடாது. நீக்கப்பட்ட நூலின் வரியைச் சிவப்பு மையால் அடித்து, குறிப்புப் பத்தியில் ஆணை எண்ணும் தேதியும் எழுதுங்கள். அடித்துத் திருத்துவதாக இருந்தால் பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். வெள்ளை மை பூசிய பதிவேட்டைப் பார்த்ததும் தணிக்கையாளரின் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நன்கொடை நூலையும் அதே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அச்சிட்ட விலையை எழுதி, குறிப்பில் நன்கொடை என்று போடுங்கள். தள்ளுபடியில் வாங்கிய நூலுக்கு அச்சிட்ட விலை, கொடுத்த விலை இரண்டும் வேண்டும், வாசகர் தொலைத்துவிட்டால் எதைக் கேட்பது என்ற வழக்கு அப்போது வராது. பக்கம் முடிந்ததும் நூல் எண்ணிக்கையையும் தொகையையும் கூட்டி அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கணினியில் ஏற்றும் கிளைகளில் ஐ.எஸ்.பி.என். எண்ணை அடித்தால் விவரம் தானாக வந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 2007 முதல் இந்த எண் 13 இலக்கம், இந்திய நூல்களில் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். ஆங்கில நூல்களுக்கு இது நன்றாகவே நடக்கும். தமிழ் நூல்களுக்குப் பல சமயம் விவரமே வராது, வந்தாலும் தலைப்பு ஆங்கில எழுத்தில் இருக்கும். அதை அப்படியே விட்டால் வாசகர் தமிழில் தேடும்போது நூல் இல்லை என்று காட்டும். தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத் தமிழில் அடியுங்கள்.

எந்த எழுத்தில் அடுக்குவது

பகுப்பு எண்ணைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் கோலன் முறையில் தமிழ் இலக்கியம் ஓ31, டியூயி முறையில் 894.811. உங்கள் மாவட்டத்தில் எது நடப்பில் இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். ஐயாயிரம் நூல் உள்ள கிளைக்கு நீளமான எண் தேவையில்லை.

உண்மையான தலைவலி ஆசிரியர் பெயரில்தான். தமிழில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கிறது, பட்டியலிலோ "ராஜநாராயணன், கி." என்று போகிறது. வாசகர் "கி.ரா. புத்தகம்" என்று கேட்டு "கி" வரிசையில் தேடிவிட்டு இல்லை என்று போய்விடுவார். தி.ஜா., லா.ச.ரா. இருவருக்கும் இதே கதி. அந்தந்த இடத்தில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி "கி.ரா. நூல்கள் 'ரா' வரிசையில்" என்று எழுதி வையுங்கள். புனைபெயரால் அறியப்பட்டவரைப் புனைபெயரிலேயே வையுங்கள். சுஜாதாவை ரங்கராஜன் என்றும் அசோகமித்திரனைத் தியாகராஜன் என்றும் தேடி எந்த வாசகரும் வரப்போவதில்லை. இராஜேந்திரன், ராஜேந்திரன் என்று பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும் பெயர்களுக்கு ஏதாவது ஒன்றை முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து வரும் நூலகருக்கும் அது புரிய வேண்டும்.

அகராதி முறைப்படி ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகள் 'ன'வுக்குப் பிறகு வரும். அதனால் ஜெயகாந்தன், ஜானகிராமன், ஜெயமோகன் மூவரும் கடைசி ரேக்கின் கடைசித் தட்டுக்குப் போய்விடுகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர் குனிந்து எடுக்க மாட்டார். நாவல் வரிசை முடியும் ரேக்கில் கீழ்த்தட்டைக் காலியாக விட்டு, ஒரு தட்டு மேலேயே வரிசையை முடித்துக்கொள்ளுங்கள். கீழே கலைக்களஞ்சியம் போன்ற கனமானவற்றை வைக்கலாம்.

வாசலுக்குப் பக்கத்தில்

இவ்வளவும் நான்கு கட்டுக்கு ஒரு வாரத்தில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எல்லா நூலுக்கும் ஒவ்வொரு வேலையாகச் செய்துகொண்டு போகாதீர்கள், பத்துப் பத்து நூலாக முழுவதும் முடித்து வெளியே விடுங்கள். முதல் பத்தில் குழந்தை நூல்கள் இருக்கட்டும். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழன் மாலைக்குள் அவை தயாரானால் சனிக்கிழமை காலை பிள்ளைகள் வரும்போது ரேக்கில் இருக்கும்.

போட்டித் தேர்வு நூல்களை வெளியே வைக்குமுன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். குரூப் 4, குரூப் 2 எழுதுபவர்கள் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள பள்ளிப் பாடநூல்களைத்தான் அடிப்படையாக வைத்துப் படிக்கிறார்கள். பாடத்திட்டம் மாறும் முன் வெளிவந்த கையேடு புது அட்டையோடு வந்திருக்கலாம். அப்படி ஒன்றைப் 'புதிய வரவு' ரேக்கில் வைப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கெடுதல்.

'புதிய வரவு' ரேக் எங்கே நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரே கருத்துதான்: செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்தில். நம் நூலகங்களுக்கு வருபவர்களில் பாதிப்பேர் தினத்தந்தி பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள், உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள். உள்ளே அடுக்குப் பக்கம் அவர்கள் வருவதே இல்லை. தாள் காலியாகக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அட்டைப்படம் தெரிந்தால் எடுத்துப் புரட்டுவார்கள். அந்த நேரத்தில் உறுப்பினர் படிவத்தை நீட்டுங்கள். அட்டை முகம் தெரியும்படி சாய்த்து வையுங்கள், முதுகை மட்டும் காட்டினால் பயனில்லை. வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அட்டைப் படங்களை அனுப்பலாம். 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். நமக்குப் படம் அனுப்புவது பெரிய வேலையில்லை.

புது நூல்களை 'இங்கேயே படிக்க மட்டும்' என்று கட்டிவைக்க வேண்டாம். தொலைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களே என்ற அச்சம் எல்லா நூலகரிடமும் உண்டு, அது வெறும் கற்பனையும் இல்லை. ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), ஆண்டில் இரவலாகவும் பார்வைக்காகவும் கைமாறிய ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் இழப்பை இயல்பானதாக ஏற்கின்றன. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு என்ற நிபந்தனைகளோடு. அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி, நம் கிளைகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் இழப்புப் பட்டியலோடு விளக்கம் எழுதும்போது எடுத்துக்காட்டத் தகுந்தது. கவனிக்க வேண்டியது, கணக்கு கைமாறிய நூலின் அளவில் ஓடுகிறது என்பதுதான். பூட்டி வைப்பவருக்கு இந்தச் சலுகையும் குறைவு. சேர்க்கைப் பதிவேடும் இரவல் கணக்கும் ஒழுங்காக இருந்தால்தான் இந்த வாதத்தை வைக்க முடியும். ஊர்க்காரர் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டித்தான் இந்தக் கட்டு வந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நன்கொடையில் வந்தவற்றில் ஒரு வகையை மட்டும் நான் இரவல் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஊர்க் கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், உள்ளூர் ஆசிரியர் தம் செலவில் அச்சிட்ட ஊர் வரலாறு. இவை வேறு எந்த நூலகத்திலும் இருக்காது. தனி அலமாரியில் வைத்து, கேட்பவருக்கு அங்கேயே உட்கார்ந்து படிக்கக் கொடுங்கள்.

மூன்று மாதம் கழிந்ததும் அந்தக் கட்டில் வந்த நூல்களின் தேதிச்சீட்டுகளைப் பாருங்கள். ஒரு முத்திரைகூட விழாதவற்றைத் தனியே எடுங்கள். சிலவற்றுக்கு இடம்தான் கோளாறு. சமையல் நூல் அறிவியல் ரேக்கில் மேல்தட்டில் இருந்தால் யார் எடுப்பார்கள்? மாற்றி வைத்து இன்னும் மூன்று மாதம் பாருங்கள். சிலவற்றுக்கு உங்கள் ஊரில் வாசகரே இல்லாமல் இருக்கலாம். கடல் மீன்வளம் பற்றிய நூல் மலையடிவார ஊருக்கு ஒதுக்கப்பட்டு வருவதும் நடக்கிறது. அவற்றுக்குப் பட்டியல் போட்டு, எந்தக் கிளைக்குப் பயன்படும் என்ற உங்கள் கருத்தோடு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். மாற்ற ஆணை வந்த பிறகே நூலை அனுப்ப வேண்டும். பதிவேட்டில் அந்த வரியை அடித்து, ஆணை எண், தேதி, பெற்ற கிளையின் பெயர் மூன்றையும் எழுதி, அந்தக் கிளை நூலகர் தந்த ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.